260 லேண்டிங் மிச்சம் இருக்கும்போதே பின்னை மாற்ற வேண்டுமா?

வாசகர் கடிதம் - சுருக்கம்

தண்டையார்பேட்டையிலிருந்து 27 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம்.) வாடகை விமானங்களைப் பராமரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் டெக்னீஷியன். விமானப் பராமரிப்புப் பொறியாளருக்கான பி1.1 லைசென்ஸுக்கு இன்னும் இரண்டு மாட்யூல் (தேர்வுத் தாள்) பாக்கி.

அவர்கள் பராமரிக்கும் இரட்டை டர்போப்ராப் விமானத்தில், இடது மெயின் லேண்டிங் கியரை இறக்கையோடு பிணைக்கும் ட்ரனியன் பின்னுக்கு ஆயுள் வரம்பு 20,000 லேண்டிங். பதிவேட்டில் இப்போது 19,740. மாதம் 45 லேண்டிங் வாக்கில் ஆகிறது. அடுத்த மாதம் விமானிகளுக்குப் பயிற்சி இருக்கிறது, அதில் 30 டச் அண்ட் கோ (தரையைத் தொட்டதும் நிற்காமல் மீண்டும் மேலெழுவது). வருடாந்தர செக்குக்கு 8 வாரம். புதுப் பின் சுமார் 6 லட்சம் ரூபாய், ஆர்டர் போட்டால் வந்து சேர 14 வாரம்.

மேலாளர் சொல்வது: "எம்.பி.ஐ. (காந்தத் துகளால் விரிசல் தேடும் சோதனை) பண்ணிப் பார்ப்போம். கிராக் இல்லேன்னா 10 சதவீதம் சேர்த்து ஓட்டலாம்." இல்லாவிட்டால் வெளியே ஒரு வியாபாரியிடம் ஓவர்ஹால் ஆன பழைய பின் பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். 4,000 லேண்டிங் பாக்கி என்கிறார்கள், ஆனால் நடுவில் 2 வருடப் பதிவு இல்லை. அந்த பாக்கியை எழுதி கம்போனென்ட் கார்டை (பாகத்தின் வரலாற்று அட்டை) நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் தாய்மாமா, "அளவு குடுடா, அச்சு அசலா கடைஞ்சு தர்றேன்" என்கிறார். பெரம்பூர் ரயில்வே கேரியேஜ் ஒர்க்ஸில் ஓய்வு பெற்ற அப்பாவுக்கு வேறு கேள்வி: "ரயில் ஆக்சிலை அல்ட்ராசானிக் டெஸ்ட் பண்ணி நல்லா இருந்தா திரும்ப ஓட்டுறோம். பழுதில்லாத இரும்பை ஏன் தூக்கிப் போடணும்?"

கடைசியாக வாசகர் கேட்பது: "நான் சர்டிஃபையிங் ஸ்டாஃப் (பறக்க விடும் சான்றில் கையெழுத்திடுபவர்) இல்லை. கார்டில் கையெழுத்துப் போட்டாலும் பொறுப்பு மேலே இருப்பவர்களுக்குத்தானே? மறுத்தால் வேலை போய்விடுமா?"

பதில்

அன்புள்ள தம்பிக்கு,

புதுப் பின்னுக்கு இந்த வாரமே ஆர்டர் போக வேண்டும். பதிவு விடுபட்ட பின்னுக்கான கார்டில் நீங்கள் கையெழுத்துப் போடக்கூடாது. உங்கள் கேள்விகளுக்கு என் பதில் இந்த இரண்டும்தான். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் மேலாளர் முன்னால் நின்று பேச முடியும்.

மாதம் 45 என்றால் வாரத்துக்குப் பத்து, பத்தரை லேண்டிங். இன்று ஆர்டர் போட்டால் 14 வாரத்தில் சுமார் 145, அதோடு பயிற்சியின் 30, ஆக 175 கழியும். பின் கைக்கு வரும்போது 85 லேண்டிங் மிச்சமிருக்கும். சரக்கு ஏழெட்டு வாரம் தாமதமானாலும் சமாளிக்கலாம். செக் வரட்டும், அப்போது பார்க்கலாம் என்று 8 வாரம் தள்ளினால் செக் நாளில் மிச்சம் 147. அன்று ஆர்டர் போட்டுப் பின் வரும்போது மிச்சம் இரண்டே லேண்டிங். கஸ்டம்ஸில் ஒரு வாரம் பெட்டி நின்றாலும் விமானம் தரையில்தான்.

முன்கூட்டியே மாற்றுவதால் என்ன இழக்கிறோம் என்று மேலாளர் கேட்பார். 85 லேண்டிங் என்பது 20,000-இல் அரை சதவீதம்கூட இல்லை. 6 லட்சத்தில் அதன் மதிப்பு 2,550 ரூபாய். ரத்தாகும் ஒரே ஒரு வாடகைப் பயணத்தோடு இதை ஒப்பிட்டுக் காட்டுங்கள். முடிந்தால் 14 வாரம் காத்திருக்காமல், முழுச் சான்றுகளோடு புதுப் பின்னைக் கையிருப்பில் வைத்திருக்கும் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரைத் தேடச் சொல்லுங்கள். வருடாந்தர செக்கில் விமானம் எப்படியும் ஜாக்கில் நிற்கும். அப்போதே மாற்றினால் இழப்பு சுமார் 4,400 ரூபாய், இரண்டாவது முறை ஜாக் ஏற்றும் செலவு மிச்சம்.

இந்தக் கணக்குக்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த 19,740 உண்மைதானா? டெக் லாக் (ஒவ்வொரு பறப்பையும் குறிக்கும் விமானப் பதிவேடு) பக்கங்களை எடுத்து லேண்டிங்கைத் திரும்பக் கூட்டுங்கள். பழைய பயிற்சிப் பறப்புகளில் டச் அண்ட் கோ ஒவ்வொன்றும் தனி லேண்டிங்காக எண்ணப்பட்டதா, இல்லை ஒரு பறப்புக்கு ஒன்று என்று போட்டுவிட்டார்களா? கியருக்குச் சக்கரம் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் கணக்கு. இந்தப் பின் வேறொரு விமானத்திலிருந்து கழற்றி மாட்டியது என்றால் அங்கே ஆன லேண்டிங்கும் சேர வேண்டும். கூடவே, உற்பத்தியாளரின் ஆயுள் வரம்புப் பட்டியலில் நடப்புத் திருத்தத்தைப் பாருங்கள். வரம்பு இடையில் குறைக்கப்பட்டிருக்கலாம். கணக்கில் பிழை இருந்தால் 260 என்பது 160 ஆகவும் இருக்கக்கூடும்.

20,000 என்ற எண் எங்கிருந்து வருகிறது

20,000-ஆவது லேண்டிங்கில் பின் உடையும் என்று யாரும் சொல்லவில்லை. அதுவரை உடையாது என்று சோதனையை வைத்துச் சொல்ல முடிகிறது, அவ்வளவுதான். லேண்டிங் கியர் பாகங்களை உற்பத்தியாளர் உடையும்வரை சோதிக்கிறார். கிடைக்கும் சராசரி ஆயுளை மூன்று முதல் ஐந்து வரையிலான எண்ணால் வகுத்து வரம்பு வைக்கிறார்கள். ஏன் இவ்வளவு பெரிய வகுத்தல்? ஒரே வரைபடத்தில், ஒரே உலோகத்தில் செய்த பாகங்கள்கூட உலோகச் சோர்வில் (சுமை திரும்பத் திரும்ப ஏறுவதால் வரும் பலவீனம்) ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. 1954-இல் இத்தாலி அருகே கடலில் விழுந்த இரண்டு காமெட் விமானங்களில் ஒன்று 1,290 பறப்புகளைத்தான் கண்டிருந்தது, மற்றது சுமார் 900. அதே வகை விமானம் ஒன்றை இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து அழுத்திச் சோதித்தபோது, ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து 3,057 சுழற்சி வரை தாங்கியது. மூன்று விமானங்கள், மூன்று எண்கள். உங்கள் பின் இந்த வரிசையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

மேலாளர் சொல்லும் 10 சதவீதம் அவர் கற்பனையில் வந்ததல்ல. பராமரிப்புத் திட்டத்தில் சில பரிசோதனைகளின் இடைவெளியை ஓரளவு நீட்டிக்கொள்ள அனுமதி உண்டு. அது பரிசோதனைக்கான சலுகை. ஆயுள் வரம்புள்ள பாகத்துக்கு அது பொருந்தாது. பொருத்தப்பட்ட பாகம் அங்கீகரிக்கப்பட்ட ஆயுள் வரம்பைத் தாண்டக்கூடாது என்று டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம்) வகுத்த சி.ஏ.ஆர்.-எம் விதிகளில் எம்.ஏ.503 சொல்கிறது. வரம்பை நீட்ட நியாயமான காரணம் இருப்பதாக மேலாளர் நம்பினால் உற்பத்தியாளருக்கு எழுதிக் கேட்கட்டும். சோதனைத் தரவு அவர்களிடம் இருக்கிறது. அவர்கள் ஒப்புக்கொண்டு, உரிய அங்கீகாரத்தோடு எழுத்தில் தந்தால் அது வேறு. அப்படி ஒன்று கையில் வரும்வரை 20,001-ஆவது லேண்டிங்குக்கு அனுமதி இல்லை. மீறிப் பறந்து ஏதாவது நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்க அதையே காரணமாகக் காட்டும் என்பதையும் முதலாளி காதில் போடச் சொல்லுங்கள்.

அப்பாவின் கேள்வி

அப்பா கேட்டது மிக நல்ல கேள்வி. உலோகச் சோர்வு பற்றிய அறிவே ரயில் ஆக்சிலில்தான் பிறந்தது. 1842-இல் பிரான்சில் வெர்சாய் ரயில் விபத்து ஆக்சில் முறிந்ததால் நேர்ந்தது. அதன் பிறகு ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ஔகுஸ்ட் வோலர் ஆக்சில்களை ஆண்டுக்கணக்கில் சுழற்றிச் சோதித்து, ஒரே தடவையில் உடைக்க முடியாத சுமைகூடத் திரும்பத் திரும்ப ஏறினால் உடைக்கும் என்று அளந்து காட்டினார்.

ஆக்சில் தடிமனானது. அதன் உலோகம் அவ்வளவு கடினமானதல்ல. தாங்கக்கூடியதைவிட மிகக் குறைந்த சுமையில் அதை ஓட்டுகிறார்கள். விரிசல் தோன்றினாலும் மெதுவாக வளரும், உடையும் அளவுக்குப் போகும் முன் அடுத்த ஓவர்ஹாலில் அல்ட்ராசானிக் கருவி அதைக் காட்டிவிடும் என்ற ஏற்பாட்டில்தான் அப்பா வேலை பார்த்தார். அந்த ஏற்பாடு சரியானது. ஆனால் லேண்டிங் கியருக்கு எடை குறைய வேண்டும் என்பதற்காக, ஆக்சில் எஃகைப்போல் சுமார் மூன்று மடங்கு உறுதியுள்ள எஃகைப் பயன்படுத்துகிறார்கள். 300எம் வகை எஃகின் உறுதி 1,900 மெகாபாஸ்கலைத் தாண்டும். உறுதி கூடக் கூட விரிசலைத் தாங்கும் குணம் குறையும். இவ்வகைப் பாகத்தில் ஆயுளின் பெரும்பகுதி, கண்டுபிடிக்கும் அளவுக்கு விரிசல் உருவாவதற்கு முன்பே கழிந்துவிடுகிறது. தோன்றிய பிறகு உடைவதற்கு மிகக் குறுகிய அவகாசம்தான். ஆகவே எம்.பி.ஐ.யில் ஒன்றும் தெரியவில்லை என்றால், இன்று, காட்டக்கூடிய அளவில் விரிசல் இல்லை என்று மட்டும் பொருள். அடுத்த 2,000 லேண்டிங் பற்றி அது எதுவும் சொல்லாது. அதோடு குரோம் பூச்சுக்கு அடியிலும் துளையின் உட்புறத்திலும் இருப்பது தப்பிவிடக்கூடும்.

பரிசோதனை தவறவிடும் என்பதற்குப் பெரிய விலை கொடுத்த சான்று, 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் சூ சிட்டியில் விழுந்த டி.சி.-10 பயணிகள் விமானம். எஞ்சினின் டைட்டானியம் விசிறித் தட்டில் உருக்கும்போதே சேர்ந்த ஒரு குறையிலிருந்து விரிசல் வளர்ந்திருந்தது. தட்டு உடைந்தபோது ஆகியிருந்தது 15,503 சுழற்சி, வரம்பு 18,000. அதற்கு 760 பறப்புகளுக்கு முன் சாயம் ஊற்றும் பரிசோதனை நடந்திருந்தது. விரிசல் அப்போதே இருந்தது, யார் கண்ணிலும் படவில்லை. 112 பேர் இறந்தார்கள். வரம்புக்குள் இருக்கும்போதே இப்படி நேரலாம் என்றால் வரம்பைத் தாண்டி ஓட்ட ஒரு எம்.பி.ஐ.யை நம்புவது எப்படி? அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். ஆக்சிலோடு வாழ்ந்தவருக்கு உடனே புரியும்.

தாய்மாமாவின் பின், வியாபாரியின் பின்

மாமாவின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. வடசென்னைப் பட்டறைகள் மைக்ரான் கணக்கில் கடைந்து தருபவை. ஆனால் பின்னின் அளவு அதன் குணத்தில் ஒரு பங்குதான். வெற்றிடத்தில் உருக்கிய எஃகு, அதன் வெப்பப் பதம், மேற்பரப்பில் ஷாட் பீனிங் (சிறு குண்டுகளால் அடித்து உறுதியாக்குவது) எல்லாம் சேர்ந்துதான் பின். கிரைண்டிங்கில் கொஞ்சம் சூடு ஏறினால் குரோமுக்கு அடியில் கருகல் விழும், விரிசல் அங்கிருந்து கிளம்பும். காட்மியம் பூசினால் அந்த வேலையில் உலோகத்துக்குள் புகுந்த ஹைட்ரஜனை வெளியேற்ற, சில மணி நேரத்துக்குள் அடுப்பில் வைத்து சுமார் 190 டிகிரி செல்சியஸில் 23 மணி நேரம் சுட வேண்டும். அதைத் தவறவிட்ட பாகம் எந்த அதிர்வும் இல்லாமல், நின்ற இடத்திலேயே முறியும். இதில் எதையும் அளவெடுக்கும் வெர்னியர் காட்டாது. 1989 செப்டம்பர் 8 அன்று நார்வேயிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஒரு கான்வேர் 580 விமானத்தின் வால் பகுதியில் தரமற்ற போலி போல்ட்டுகளும் பின்களும் இருந்தன. 55 பேரும் இறந்தார்கள். மாமாவிடம் அன்பாகவே சொல்லுங்கள், இந்த வேலை வேண்டாம் என்று.

வியாபாரியின் பின்னில் இரண்டு விஷயம் குழம்பிக்கிடக்கிறது. ஓவர்ஹால் செய்தால் ஆயுள் பூஜ்யத்திலிருந்து தொடங்காது. ஓவர்ஹாலுக்குப் பிறகு ஆனது ஒரு கணக்கு, பிறந்தது முதல் ஆனது இன்னொரு கணக்கு. ஆயுள் வரம்பு இரண்டாவதைத்தான் பார்க்கும். அடுத்து, கூட வரும் சி.ஏ. ஃபார்ம் 1, குறிப்பிட்ட வேலை விதிப்படி நடந்தது என்று சொல்லும் தாள். அதற்கு முந்தைய வாழ்க்கைக்கு அது சாட்சி அல்ல. உற்பத்தியானது முதல் இன்று வரை, எந்தெந்த விமானத்தில், எந்த எடை வகையில், எத்தனை லேண்டிங் என்று சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். அதிக எடையுள்ள மாடலில் ஓடியிருந்தால் வரம்பே வேறாக இருக்கலாம். விடுபட்ட 2 வருடத்தில் அது பெட்டியில் கிடந்ததா, பறந்ததா, விபத்தில் சிக்கிய விமானத்திலிருந்து கழற்றியதா? தெரியாதபோது "பாக்கி 4,000" என்பது எண்ணே இல்லை. விடுபட்ட காலத்துக்கு அதிகபட்ச லேண்டிங்கை வைத்துக் கழிப்பது என்ற வழியைச் சிலர் சொல்வார்கள். அதை ஏற்பதா என்று உற்பத்தியாளரும் ஒழுங்குமுறை ஆணையமும் சொல்ல வேண்டும். கார்டை நிரப்புகிறவர் முடிவு செய்யும் விஷயம் இல்லை. சான்றிதழ்களும் பொய்யாக வரும். சி.எஃப்.எம். 56 எஞ்சின்களுக்குப் போலிச் சான்றுகளோடு உதிரிபாகங்கள் விற்கப்பட்டது 2023-இல் வெளிப்பட்டபோது, உலகெங்கும் பல விமான நிறுவனங்கள் எஞ்சின்களைத் திறந்து பார்க்க வேண்டிவந்தது.

உங்கள் கையெழுத்து

விமானத்தைப் பறக்க விடும் சான்றில் கையெழுத்திடுபவர் சர்டிஃபையிங் ஸ்டாஃப்தான். ஆனால் கார்டில் "மொத்தம் இத்தனை லேண்டிங்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த வாக்கியம் உங்களுடையது. அதைப் பார்த்துத்தான் மேலே இருப்பவர் கையெழுத்திடுகிறார். விசாரணை வந்தால் முதலில் எடுப்பது அந்தக் கார்டைத்தான். தெரிந்தே தவறான பதிவு என்று ஆனால், லைசென்ஸ் கையில் வருமுன்பே அதை இழக்கும் நிலை உங்களுக்கு வரும். "மேலாளர் சொன்னார்" என்பது அங்கே எடுபடாது.

வேலை போகாது என்று என்னால் வாக்குத் தர முடியாது. ஆனால் மறுப்பதற்கும் முறை இருக்கிறது. சண்டையாக வேண்டாம், கேள்வியாக எழுதுங்கள். மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல், நகல் குவாலிட்டி மேனேஜருக்கும், கேமோ எனப்படும் வான்தகுதி மேலாண்மைப் பிரிவுக்கும்:

"இடது மெயின் கியர் ட்ரனியன் பின், சீரியல் நம்பர் இன்னது, இன்றைய பதிவுப்படி 19,740 லேண்டிங், வரம்பு 20,000. வரம்புக்கு மேல் இயக்கவோ, 2 வருடப் பதிவு இல்லாத மாற்றுப் பின்னை ஏற்கவோ அங்கீகார ஆவணம் இருந்தால் அதன் எண்ணைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அது கிடைக்கும்வரை கார்டில் மொத்த லேண்டிங்கை என்னால் நிரப்ப இயலாது. புதுப் பின் வர 14 வாரம் ஆவதால் இந்த வாரமே ஆர்டர் செய்யப் பரிந்துரைக்கிறேன்."

இதில் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை, மேலாளருக்கும் வெளியே வர வழி இருக்கிறது. பெரும்பாலும் விஷயம் இங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் சி.ஏ.ஆர். 145 விதிப்படி அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனம் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டிய உள் அறிக்கை முறையில் பதிவு செய்யுங்கள். அக்கவுண்டபிள் மேனேஜரை (நிறுவனத்தின் இறுதிப் பொறுப்பாளர்) நேரடியாக அணுக குவாலிட்டி மேனேஜருக்கு வழி உண்டு. அதையும் மீறிப் பின்னை மாட்டினால், அல்லது வரம்பைத் தாண்டிப் பறந்தால், டிஜிசிஏ-வின் சென்னை மண்டல அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். தன்னார்வ அறிக்கை முறையும் இருக்கிறது. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: கம்பெனி ஆவணங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். உங்கள் தரப்புக்கு அது பலவீனம். நீங்கள் அனுப்பிய கடிதமும், தேதியிட்ட சொந்தக் குறிப்பும் போதும். வேலையை விட்டு நீக்குவதாக எழுத்தில் வந்தால், பதில் அனுப்பும் முன் பணி நியமனக் கடிதத்தோடு ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள்.

புதுப் பின் வந்த பிறகு

பெட்டி வந்ததும் மாதவரம், திருவொற்றியூர் பக்கம் ஏதாவது வாடகைக் குடோனில் வைக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட ஸ்டோரில்தான் இருக்க வேண்டும். எண்ணூர்க் காற்றில் இருக்கும் உப்பு, உறை கிழிந்த எஃகில் ஊசிமுனைக் குழி போடும். அந்தக் குழியே விரிசலின் தொடக்கம். 1988-இல் ஹவாய் தீவுகளுக்கிடையே பறந்துகொண்டிருந்த அலோஹா நிறுவனத்தின் 737 விமானக் கூரை நடுவானில் பிய்ந்ததற்குப் பின்னால் 89,680 குறும்பறப்புகளோடு கடல்காற்றின் அரிப்பும் இருந்தது. மாட்டும் நாள் வரை உறையைப் பிரிக்க வேண்டாம்.

பிரித்ததும் பார்ட் நம்பரை டேஷ் எண்வரை ஒப்பிடுங்கள், சீரியல் நம்பரைச் சான்றோடு சரிபாருங்கள். பழைய பின்னைத் தட்டி எடுக்க இரும்புச் சுத்தியல் கூடாது, அலுமினியமோ நைலானோ வைத்த டிரிஃப்ட் எடுங்கள். எடுத்த பிறகு கியரின் காதுத் துளையையும் அதற்குள் இருக்கும் புஷ்ஷையும் (உலோக வளையம்) அளந்து, கையேடு கேட்டால் எடி கரண்ட் (மின்சுழல் முறையில் விரிசல் தேடும்) சோதனையும் பாருங்கள். புதுப் பின்னைத் தேய்ந்த புஷ்ஷோடு மாட்டினால் சுமை ஒரு பக்கம் குவியும். பின் மீது எதையும் பொறிக்கவோ பஞ்ச் அடிக்கவோ கூடாது. கையேட்டில் இல்லாத பெயிண்ட் ரிமூவரோ ஆசிடோ அருகில் வரக்கூடாது. டார்க் மதிப்பு (முறுக்கும் விசையின் அளவு) உலர்ந்த மரைக்கா, கிரீஸ் தடவியதற்கா என்று படியுங்கள். உலர்ந்ததற்கான மதிப்பை கிரீஸ் தடவிய மரையில் கொடுத்தால் போல்ட் அளவுக்கு மேல் இழுபடும். நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின் புதுசாக இருக்கட்டும். கிரீஸ் மறுமுனையில் வெளிவரும்வரை அடித்து, கியரை ஏற்றி இறக்கி, அவசர இறக்கத்தையும் சோதித்து, இன்னொருவர் தனியாகப் பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டும். கார்டில் அன்றைய விமான லேண்டிங் எண்ணை எழுதும்போதே வலது பின்னின் சீரியலையும் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கழற்றிய பின்னுக்கு உடனே பயன்படாதது என்ற டேக் கட்டி, பூட்டிய இடத்தில் வையுங்கள். பார்க்கப் புதிது போலவே இருக்கும். அதனால்தான் பழைய இரும்போடு வெளியே போனால் ஆபத்து. சிவப்புச் சாயம் பூசுவது, சுத்தியலால் ஒரு அடி, சிறு துளை, இரண்டாக அறுப்பது எதுவும் போதாது. இரண்டு துண்டை ஒட்டித் தேய்த்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பல சிறு துண்டுகளாக அறுக்க வேண்டும், அல்லது உருக்க வேண்டும். வெட்டும் வேலையை வேண்டுமானால் மாமா பட்டறையில் கொடுக்கலாம், ஆனால் ஸ்டோர்ஸ் ஆள் ஒருவர் கூடவே நின்று பார்க்க வேண்டும். சீரியல் நம்பர், அழித்த தேதி, இருவர் கையெழுத்து, துண்டுகளின் படம் எல்லாம் அந்தப் பின்னின் கோப்பில் சேர்ந்த பிறகுதான் துண்டுகள் எடைக்குப் போகலாம்.